இல்லாத பருவத்தை ஆக்கிய தோட்டங்கள்: பீச்சு, முலாம்பழம் ஆகியவற்றின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக 1845 முதல் 1850 வரை கடமையாற்றிய சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், 1859 இல் இத்தீவைப் பற்றி இரு தொகுதிகள் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். அதில், ஐரோப்பியப் பழமரங்கள் நம் மலைநாட்டில் அடைந்த கதியைப் பற்றி அவர் எழுதியிருப்பது சிந்தனைக்குரியது. பீச்சு முதலிய மரங்கள் அங்கே செழித்து வளர்ந்தன. ஆனால் இலை உதிர்க்க மறந்து என்றும் பசுமையாகவே நின்றன. ஓய்வின்றி உழைத்துக் களைத்தமையால் கனியை முதிரச் செய்ய இயலாது போயின. இதையடுத்து அவர் யாழ்ப்பாணத்து நிகழ்ச்சி ஒன்றையும் குறிப்பிடுகின்றார். வடமாகாண அரசாங்க அதிபராக நெடுங்காலம் விளங்கிய பேர்சிவல் அக்லண்ட் டைக் என்பாரின் தோட்டத்தில் நடப்பட்ட ஐரோப்பிய முந்திரிகைக் கொடிகளும் இவ்வாறே காய்க்காது நின்றன. டைக், கொடிகளின் வேர்ப்புறத்து மண்ணை அகற்றி வேர்களை வெயிலிற் கிடக்கவிட்டார். கொடிகள் இலையுதிர்த்து ஓய்ந்தன. பின்னர் தளிர்த்துக் காய்த்தன. பனி பெய்யாத யாழ்ப்பாணத்திலே, செயற்கையான ஒரு மாரிகாலம் உண்டாக்கப்பட்டது.

இச்செய்தி ஒரு பெரிய வரலாற்றின் நுனி எனலாம். மனிதன் தான் விரும்பிய கனியைத் தன் வீட்டு முற்றத்தில் விளைவிக்க முயன்றபோதெல்லாம், அச்செடி வேண்டி நின்ற பருவம் அம்மண்ணில் இல்லாதிருந்தது. இல்லாத அப்பருவத்தை அவன் கையால் ஆக்க வேண்டியிருந்தது. குளிரை வேண்டும் பீச்சு, கோடையை வேண்டும் முலாம்பழம் என்னும் இரண்டினதும் வரலாற்றைத் துணையாகக் கொண்டு இம்முயற்சியை ஆராய்வதும், அதனை உண்மையில் நிறைவேற்றியவர் யாவர் என வினவுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குளிரை மறவாத மரம்

பீச்சின் தாவரவியற் பெயர் அதனைப் பாரசீகத்துக்கு உரியதெனக் கூறுகின்றது. கிரேக்கரும் உரோமரும் அதனைப் பாரசீக வழியாக அறிந்தமையால் நேர்ந்த பிழை இது. பீச்சின் தாயகம் சீனாவாகும். அந்நாட்டின் கீழைக்கரையிலுள்ள செஜியாங் மாகாணத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பீச்சு விதைகள் ஏறத்தாழ 8,000 ஆண்டுகள் பழமையுடையன என ஆய்வாளர் கணித்துள்ளனர். அங்கிருந்து அது மேற்கு நோக்கி நடந்தது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், பஞ்சாபில் சீனபுக்தி என்னும் ஊரைப் பற்றி எழுதுமிடத்து ஒரு மரபுக் கதையைத் தருகின்றார். கனிஷ்க மன்னனிடம் பிணையாக அனுப்பப்பட்ட சீன இளவரசன் ஒருவன் அங்குத் தங்கியிருந்தான் எனவும், அவனே பீச்சையும் பேரியையும் அந்நாட்டிற் புகுத்தினான் எனவும், அதனாற் பீச்சு ‘சீனானி’ எனவும் பேரி ‘சீனராஜபுத்திரன்’ எனவும் பெயர் பெற்றன எனவும் அக்கதை கூறும்.

காசுமீரத்து அகழ்வாய்வுகள் கனிஷ்கனுக்கு மிக முற்பட்ட காலத்திலேயே பீச்சு அங்குச் சென்றடைந்துவிட்டதைக் காட்டுகின்றன. ஆதலின் இளவரசனின் கதையை அப்படியே வரலாறாகக் கொள்ளல் இயலாது. எனினும் அக்கதையிற் பொதிந்துள்ள உணர்வு பொய்யன்று. அயல் நாட்டிற் சிறையிருந்த ஒருவன், தன் ஊரின் மரத்தைத் தான் வாழும் முற்றத்தில் நடுகின்றான். பழமரங்களின் இடப்பெயர்வைப் பற்றி மக்கள் எதனை நினைவிற் கொள்ள விரும்பினர் என்பதற்கு இது சான்றாகும்.

பீச்சு இமயத்தின் அடிவாரம்வரை இலகுவாக வந்தது. அதற்குத் தெற்கே தயங்கியது. இதற்கான காரணத்தை மரத்தின் உடலியல்பில் தேடல் வேண்டும். பீச்சு தன் பூவரும்புகளைக் கோடையிலேயே உருவாக்கிக் கொள்கின்றது. ஆயின் அவை உடனே மலர்வதில்லை. மலர்ந்தால் வரவிருக்கும் பனியிற் கருகிவிடும் என்பதனால், அரும்புகள் உறங்குநிலையை அடைகின்றன. குறித்த அளவு குளிர் கழிந்த பின்னரே அவ்வுறக்கம் கலையும். மரம் குளிரைக் கணக்கிட்டு வைத்திருக்கின்றது என்றே கூறல் வேண்டும். வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே நின்ற மணித்தியாலங்களைக் கொண்டு தோட்டக்கலை அறிஞர் இக்கணக்கை அளக்கின்றனர். குளிர்நாடுகளுக்குரிய பீச்சு இனங்கள் பல 600 முதல் 1,000 மணித்தியாலம் வரையான குளிரை வேண்டுவன.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதன் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவினது. தை, மாசி மாதங்களின் சில இரவுகளில் உறைபனி விழுவதுண்டாயினும், ஆண்டு முழுவதும் பெரிய மாற்றமின்றி ஒரே சீரான இளங்குளிரே அங்கு நிலவுகின்றது. ஆங்கிலேயருக்கு அது தம் நாட்டை நினைவூட்டியது. சுகவாசத் தலமாகவும் ஆயிற்று. மனிதரை ஏமாற்றிய அக்குளிர் மரத்தை ஏமாற்றவில்லை. மாரியும் இல்லை, வேனிலும் இல்லை என்னும் நிலையில் பீச்சு மரம் எப்போது உறங்குவது, எப்போது விழிப்பது என அறியாது நின்றது. ரெனன்ற் கண்ட பசுமை, நலத்தின் பசுமையன்று.

வெயிலைத் தேடிய கொடி

முலாம்பழத்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. இங்கு நாம் கூறும் முலாம்பழம் வேறு; வத்தகப்பழம் வேறு. வத்தகை ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பிறிதொரு பேரினத்தைச் சேர்ந்தது. முலாம்பழமோ நம்மவர் நன்கறிந்த வெள்ளரிப்பழத்தின் உடன்பிறப்பு. தாவரவியலின்படி இவ்விரண்டும் ஓரினமே. யாழ்ப்பாணத்தில் மாரி கழிந்த பின் விளைந்து, கோடையிற் சந்தைக்கு வந்து, முதிர்ந்ததும் தானே வெடித்து வாசம் பரப்பும் வெள்ளரிப்பழத்தைச் சீனியோ பனங்கட்டியோ சேர்த்துண்ட எவரும், அறியாமலே முலாம்பழத்தின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்றைச் சுவைத்தவராவர். இவ்வினம் இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் தனித்தனியே பயிராக்கப்பட்டது என அண்மைக்கால மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. இன்சுவை மிக்க இனங்கள் மத்திய ஆசியாவின் வறண்ட வெளிகளிலும் பாரசீகத்திலும் சிறப்புற்றன.

முலாங்கொடி ஒரு பருவத்திலேயே முளைத்து, படர்ந்து, கனிந்து, மாய்கின்றது. அடுத்த ஆண்டைப் பற்றிய கணக்கு அதனிடம் இல்லை. அதற்கு வேண்டுவன மூன்று மாத வெயிலும், வடிந்தோடும் மணற்பாங்கான மண்ணும், வேரில் அளவான நீரும், கனியும் வேளையில் வறண்ட காற்றுமே. இவை கிடைத்த இடமெல்லாம் அதற்கு ஊராயிற்று. ஒரு கைப்பிடி விதையாக அது எங்கும் பயணஞ் செய்தது. இந்த வேறுபாடே இரு கனிகளின் வரலாற்றையும் பிரிக்கின்றது. மரமாகிய பீச்சு தன் பழைய நாட்டின் பருவத்தை உடலிற் சுமந்து சென்றது. கொடியோ விதையை மாத்திரமே சுமந்து சென்றது.

ஆயினும் அக்கொடிக்காகவும் ஒரு மன்னன் கண்ணீர் விட்டதுண்டு. பெர்கானாவிற் பிறந்து, காபூலை ஆண்டு, 1526 இல் வட இந்தியாவைக் கைப்பற்றிய பாபர், தன் நினைவுக் குறிப்புகளில் இந்நாட்டின் குறைகளைப் பட்டியலிடும்போது நல்ல முலாம்பழம் இல்லாமையையும் சேர்த்துள்ளான். 1529 இன் தொடக்கத்தில், காபூலிலிருந்த தன் பழைய தோழன் குவாஜா கலானுக்கு எழுதிய கடிதத்தில், முலாம்பழம் ஒன்றை அறுத்து உண்கையில் ஊர் நினைவு மேலிட்டுத் தான் அழுததை அவன் மறைக்கவில்லை. நாடு வென்ற அவனால் நாவின் நினைவை வெல்ல முடியவில்லை.

பாபர் அழுததோடு நின்றுவிடவில்லை. ஆக்ராவில் யமுனைக் கரையில் அமைத்த தன் தோட்டத்தில் முலாம்பழம் பயிரிடுவதற்குப் பால்க் நகரத்தவன் ஒருவனை நியமித்தான். அதே ஆண்டின் கோடையில் அத்தோட்டக்காரன் சிறியனவும் சுவை மிக்கனவுமான சில பழங்களைக் கொண்டுவந்து கொடுத்தான். இந்துஸ்தானத்திலும் இவை விளையுமென மன்னன் மகிழ்ந்து எழுதினான். மத்திய ஆசியாவின் கோடை ஆக்ராவின் பங்குனிக்கும் ஆனிக்கும் இடைப்பட்ட வறண்ட வெயிலில் இருப்பதைக் கண்டு, மழைக்கு முன்னரே பழத்தைக் கனியச் செய்தமையே அத்தோட்டக்காரனின் திறன். ஆனால் அவனது பெயரைப் பாபர் எழுதவில்லை. ஊரின் பெயராலேயே அவன் வரலாற்றில் நிற்கின்றான்.

சுவரும் எருவும் தந்த கோடை

ஆக்ராவிற் கோடை இருந்தது. காலமறிந்து விதைத்தலே போதுமானதாயிற்று. கோடையே குறுகிய நாடுகளில் அதனைக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. உரோமப் பேரரசன் திபேரியசுக்கு (கி.பி. 14–37) ஆண்டு முழுவதும் வெள்ளரியினக் காய் கிடைக்கும் பொருட்டு, சக்கரம் பூட்டிய பாத்திகளில் அது வளர்க்கப்பட்டதெனவும், அப்பாத்திகள் பகலில் வெயிலுக்குத் தள்ளப்பட்டுக் குளிர் நாட்களில் ஒளிபுகும் கற்தகடுகளால் மூடப்பட்டனவெனவும் பிளினி எழுதியுள்ளார். அக்காய் இன்றைய வெள்ளரியன்று, நீண்ட முலாங்காயே என்பது இக்காலத் தாவர வரலாற்றறிஞர் சிலரின் முடிபு.

இக்கலை பிரான்சில் உச்சநிலையை அடைந்தது. பதினான்காம் லூயி மன்னனுக்காக வெர்சாய் அரண்மனையின் அருகே 1678 முதல் 1683 வரையான காலத்தில் ஒரு மரக்கறி, பழத் தோட்டம் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 9 ஹெக்டேயர் பரப்புடைய அந்நிலம் முன்னர் சதுப்பாகக் கிடந்தது. அதனை அமைத்த ழான் பப்திஸ்த் த லா கென்தினி (1626–1688) சட்டம் பயின்றவர். பின்னர் தோட்டக்கலையிற் பற்றுக் கொண்டவர். சதுப்பு நிரப்பப்பட்டது; உயர்ந்த சுவர்கள் எழுப்பப்பட்டு நிலம் பல அறைகளாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு சுவரும் ஒவ்வொரு திசை வெயிலை ஏற்றமையால், ஒரே தோட்டத்தினுள் பல காலநிலைகள் உருவாயின. அரண்மனைக் குதிரை லாயங்களின் எரு பாத்திகளிற் குவிக்கப்பட்டது. அது நொதித்து மக்கும்போது வெளிவிடும் சூட்டில், கண்ணாடிக் கவிகைகளின் கீழ், முலாம்பழம் போன்ற வெப்பநாட்டுப் பயிர்கள் வளர்க்கப்பட்டன. அவரது அனுபவ நூல் அவர் இறந்த பின் 1690 இல் வெளிவந்தது.

மன்னனின் தோட்டத்துக்கு நிகராக, ஏன் அதனினும் மேலாக, மதிக்கத்தக்கது பாரிசுக்குக் கிழக்கேயுள்ள மொந்த்ரேய் என்னும் ஊராரின் பணியாகும். 17ஆம் நூற்றாண்டிலிருந்து அவ்வூர்க் குடியானவர்கள் தம் வீட்டோரத்து நிலங்களிற் கல்லாலும் மண்ணாலும் நெடுஞ்சுவர்களை எழுப்பி, அவ்வூரில் தாராளமாகக் கிடைத்த சாந்துக்கல்லின் சாந்தைப் பூசினர். அச்சுவர்களிற் பீச்சு மரங்களின் கிளைகளை விசிறிபோல் விரித்துப் பிணைத்தனர். பகலில் வெயிலை வாங்கிய சுவர், இரவில் அச்சூட்டை மரத்துக்கு ஈந்தது. இளவேனிலிற் பூவைக் கருக்கும் பனியிலிருந்து மரம் தப்பியது. பாரிசின் குளிர்காலம் பீச்சின் உறக்கத்துக்குப் போதியது. இல்லாதிருந்தது கனி முதிர்வதற்கான நெடிய வெப்பமே. அதனைச் சுவர் தந்தது. 19ஆம் நூற்றாண்டில் அவ்வூரின் சுவர்கள் மொத்தமாக ஏறத்தாழ 600 கிலோமீற்றர் நீளத்தை எட்டின. பின்னர் புகையிரதம் தென் பிரான்சின் பழங்களை மலிவாகப் பாரிசுக்குக் கொண்டுவந்தது. இயற்கையான கோடையுடன் ஆக்கப்பட்ட கோடை போட்டியிட முடியவில்லை. இன்று சுவர்களின் ஒரு சிறு பகுதியே எஞ்சி நிற்கின்றது.

கையால் ஆக்கிய மாரி

ஐரோப்பியர் கோடையைக் கட்டியெழுப்பினர். வெப்பநாட்டவர்க்கோ மாரியை ஆக்குதலே தேவையாயிற்று. சூட்டைச் சுவரிலே சேமிக்கலாம். குளிரைச் சேமிக்க வழியில்லை. ஆதலின் வெப்பநாட்டுத் தோட்டக்காரர் வேறொரு வழியைக் கண்டனர். குளிர் செய்யும் வேலையின் ஒரு பகுதியை வறட்சியும் செய்யும் என்பதே அவர்தம் கண்டுபிடிப்பு.

டைக்கின் தோட்டத்து நிகழ்ச்சியை ரெனன்ற் அவரது நற்சிந்தனையின் விளைவாகவே எழுதியுள்ளார். ஆனால் இந்தியாவின் தக்கணத்தில் எலுமிச்சையினம், மாதுளை, கொய்யா ஆகியவற்றைப் பயிரிடுவோரிடையே இம்முறை ஒரு மரபாகவே வழங்கி வருகின்றது. மரத்துக்கு நீர் பாய்ச்சுவதை நிறுத்துவர். வேர்ப்புறத்து மண்ணைக் கிளறி மேல்வேர்களை வெளிப்படுத்துவர். இலைகள் வாடி உதிர்ந்தபின் பசளையிட்டு, மண்ணணைத்து, நீர் பாய்ச்சுவர். மரம் முழுவதும் ஒருசேரத் தளிர்த்துப் பூக்கும். இதனை அவர்கள் ‘பஹார்’ என்பர். பாரசீகத்தில் அச்சொல்லுக்கு வசந்தம் என்பது பொருள். மிருகசீரிட நாளை ஒட்டிய மழையோடு வருவது மிருக பஹார். அத்த நாளை ஒட்டியது ஹஸ்த பஹார். மாம்பூக் காலத்தது அம்பே பஹார். எந்த வசந்தம் வேண்டுமென்பதை, நீர் நிலைமையையும் சந்தையையும் நோக்கித் தோட்டக்காரனே தெரிந்தெடுக்கின்றான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வங்காளத்திலும் வட இந்தியாவிலும் வாழ்ந்த ஆங்கிலேயருக்காக எழுதப்பட்ட தோட்டக்கலைக் கைந்நூலும், பீச்சு மரத்தின் வேரைக் கார்த்திகை, மார்கழியில் திறந்துவிடுமாறு கூறுகின்றது. எனவே யாழ்ப்பாணத்துத் தோட்டத்தில் நிகழ்ந்தது தனியொருவரின் புதுமையன்று. பரந்ததோர் அறிவு மரபுடன் ஒத்த செயலேயாம். வேரைச் சுற்றி மண்வெட்டி பிடித்தவர் யார் என்பதற்கு ரெனன்ரின் நூலில் இடமில்லை.

இம்முறையின் எல்லையையும் கூறல் முறையாகும். முந்திரிகை சிறிதளவு ஓய்விலேயே மனநிறைவு கொள்ளும் கொடி. இன்று உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி ஆகிய ஊர்களிற் செம்மண்ணிலே பந்தல்களிற் படர்ந்து காய்க்கும் முந்திரிகை இதற்குச் சான்றாகும். கொடியைக் கத்தரித்து இலையகற்றுதலே அங்கு மாரிகாலத்தின் இடத்தை நிரப்புகின்றது. கிழக்கு யாவாவின் மலங் மலைப்பகுதியில், அறுவடை முடிந்ததும் அப்பிள் மரங்களின் இலைகளைக் கையாற் பறித்தெறிந்து ஆண்டுக்கு இரு விளைச்சல் பெறுகின்றனர். பீச்சு இவ்வளவில் இணங்குவதில்லை. குறைந்த குளிரோடு அமையும் இனமும் அதற்கு வேண்டும். புளோரிடாப் பல்கலைக்கழகம் 1952 இல் தொடங்கிய இனவிருத்தி முயற்சி, ஆசியாவின் தென்பகுதிப் பீச்சுகளின் இயல்பை ஏனைய இனங்களிற் சேர்த்தது. அதன் பயனாக 1982 இல் வெளிவந்த ஓர் இனம் ஏறத்தாழ 150 மணித்தியாலக் குளிரோடு அமைவது. அத்தகைய இனங்கள் பஞ்சாபின் சமவெளியிலும் இன்று காய்க்கின்றன. சீன இளவரசனின் கதை நிகழ்ந்ததாகக் கூறப்படும் மண் அது.

வரலாறு திரும்பும் இடம்

இவ்வரலாறு பழமையில் முடிந்துவிட்டதன்று. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலம் பீச்சுக்குப் பேர்போனது. 2017 இல் அங்கு மாரி வெம்மையாகக் கழிந்தது. மரங்களின் குளிர்க் கணக்கு நிறைவுறவில்லை. பின்னர் வந்த உறைபனி எஞ்சிய பூவையும் கருக்கியது. விளைச்சலில் ஏறத்தாழ 80 வீதம் அழிந்தது. 2023 இல் இழப்பு 90 வீதத்தையும் கடந்தது. மரம் உறங்கவும் இயலாது விழிக்கவும் இயலாது தவித்த நிலையை ரெனன்ற் நம் மலைநாட்டிற் கண்டார். புவி வெப்பமடைந்து வரும் இக்காலத்தில், பீச்சின் பழைய நாடுகளே அந்நிலையை நெருங்குகின்றன. வெப்பநாட்டார் நெடுங்காலம் எதிர்கொண்ட வினா, இன்று குளிர்நாட்டாரின் வினாவாகியுள்ளது.

இவ்வேளையில் நாம் கருத்திற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. மேலே கூறியவற்றில் தோட்டத்தின் உடைமையாளர் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன: திபேரியஸ், பாபர், லூயி, டைக். செயலாற்றியவருள் லா கென்தினியின் பெயர் எஞ்சியது. அவர் நூலொன்றை எழுதி வைத்தமை அதற்கு ஒரு காரணமாகும். பால்க் நகரத்தவனும், மொந்த்ரேயின் முதற் சுவரை எழுப்பியவனும், தக்கணத்தில் முதன்முதல் வேரைத் திறந்தவனும், யாழ்ப்பாணத்துக் கொடியின் அடியில் மண்ணை அகழ்ந்தவனும், மலைநாட்டுப் பங்களாத் தோட்டங்களைப் பேணிய நம் தொழிலாளரும் பெயரின்றி மறைந்தனர். எழுத்து இருந்த இடத்தில் அறிவு ஒருவனுக்கு உரியதாயிற்று. எழுத்து இல்லாத இடத்தில் அது வழக்கமென்று பெயர் பெற்றது.

நம் ஊர்களில் வெள்ளரி விதையை எந்நாளில் ஊன்றுவது, எக்கொடியின் எத்தனையாவது காயை விதைக்கு விடுவது, பழம் முழுவதும் வெடித்துச் சிதறாதபடி எவ்வாறு கட்டுவது, நீரை எப்போது நிறுத்தினாற் பழம் இனிக்கும் என்பனவற்றை அறிந்தோர் இன்னும் உளர். அவர்களுட் பெரும்பாலார் முதியோர். பலர் இடம்பெயர்ந்து தம் மண்ணை ஒருமுறையேனும் இழந்து மீண்டவர். அவர்களது அறிவை அவர்களது வாய்ச்சொல்லிற் கேட்டு, அவர்களது பெயருடனேயே பதிந்து வைத்தல், வரலாறும் தாவரவியலும் தமிழும் பயிலும் மாணவராகிய நமக்கு எட்டாத பணியன்று. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் ஒவ்வொருவரும் ஒரு வீட்டுத் தோட்டத்தின் கதையை எழுதி வருவாராயின், எதிர்காலத்தில் இத்துறையை ஆராய்பவன், மண்ணை அகழ்ந்த கைகள் யாருடையவை என வினவி நிற்க வேண்டியதில்லை.